கொடுத்ததும் எடுத்ததும்

திருநெல்வேலிச் சீமையின் கிறிஸ்தவக் குடும்பங்களில் ஒரே சடங்குக்கு இரண்டு வினைச்சொற்கள் புழங்குகின்றன. கைக்குழந்தை என்றால், "பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்தாச்சா?" என்று கேட்பார்கள். வளர்ந்த ஆள் என்றால், "அவர் எப்போ ஞானஸ்நானம் எடுத்தார்?" என்பார்கள். யாரும் இறையியல் யோசித்து இப்படிப் பேசுவதில்லை. ஆனாலும் கிறிஸ்தவ வரலாற்றின் மிகப் பழைய விவாதங்களில் ஒன்று இந்த இரண்டு சொற்களுக்கு நடுவில்தான் கிடக்கிறது. கடவுள்மேல் வைக்கும் விசுவாசம் ஒருவருக்குக் கொடுக்கப்படுவதா? அல்லது அவரே அறிந்து, விரும்பி எடுத்துக்கொள்வதா?

முதலில் சடங்கைப் பார்ப்போம். ஞானஸ்நானம் என்பது தந்தை, மகன், தூய ஆவி என்ற பெயரால் ஒருவரைத் தண்ணீரால் கழுவியோ தண்ணீரில் முழுக்கியோ திருச்சபையில் சேர்க்கும் சடங்கு. கத்தோலிக்கர்கள் இதைத் திருமுழுக்கு என்கிறார்கள். பெரும்பாலான சபைகளில் இது நுழைவாயில். வாசலைக் கடக்கும் வயது எது என்பதில்தான் சபைகள் பிரிகின்றன. கத்தோலிக்கத் திருச்சபை, லுத்தரன் சபைகள், 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் உருவான தென்னிந்தியத் திருச்சபை ஆகியவை குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கின்றன. பாப்டிஸ்ட், பிரதரன், பெந்தெகொஸ்தே சபைகள் கொடுப்பதில்லை. தானே விசுவாசித்து, தன் வாயால் அறிக்கை செய்கிறவர் மட்டுமே தண்ணீரில் இறங்கலாம் என்பது அவர்கள் நிலை.

தென்னிந்தியத் திருச்சபையின் ஆலயம் ஒன்றில் ஞாயிறு காலை. மூன்று மாதக் குழந்தை தாயின் தோளில் தூங்குகிறது. குருவானவர் கேள்வி கேட்கிறார். பெற்றோரும் ஞானத்தகப்பனும் ஞானத்தாயும் பதில் சொல்கிறார்கள். குழந்தையை விசுவாசத்தில் வளர்ப்போம் என்று வாக்குக் கொடுக்கிறார்கள். குருவானவர் குழந்தையை வாங்கி, இடது கையில் சாய்த்துப் பிடித்து, மூன்று முறை தண்ணீர் வார்க்கிறார். முதல் கைத் தண்ணீரில் குழந்தை விழிக்கிறது. மூன்றாவதில் வீறிட்டு அழுகிறது. அதன் பெயர் பதிவேட்டில் ஏறுகிறது. அந்தக் குழந்தையிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இங்கே ஒரு சந்தேகம் எழுவது இயல்பு. சுயமாகத் தெரிந்தெடுக்காத விசுவாசம் விசுவாசமாகுமா? இதற்குச் சபை இரண்டு பதில்கள் வைத்திருக்கிறது. ஒன்று, குழந்தை தன் தாய்மொழியையும் தாயின் பாலையும் தெரிந்தெடுக்கவில்லை. அன்பு கேட்காமலே முந்தி வருகிறது. கடவுளின் அன்பும் அப்படித்தான். மற்றது, சடங்கு இத்தோடு முடியவில்லை. பாதிதான் ஆகியிருக்கிறது. மீதிப் பாதிக்குத் திடப்படுத்தல் என்று பெயர்.

நகரங்களில் கன்ஃபர்மேஷன் என்றே சொல்கிறார்கள். பதினான்கு, பதினைந்து வயதை ஒட்டிப் பிள்ளைகளுக்குச் சில வாரங்கள் வகுப்பு நடக்கும். விசுவாசப்பிரமாணம், பத்துக் கற்பனைகள், கர்த்தருடைய ஜெபம் மூன்றும் மனப்பாடமாக வர வேண்டும். வெறும் பாடமாக இல்லாமல், ஒவ்வொரு வரிக்கும் என்ன பொருள் என்று விளக்குவார்கள். குறித்த நாளில் பேராயர் வருவார். பெண்பிள்ளைகளுக்கு அன்றுதான் பெரும்பாலும் முதல் புடவை. வெள்ளைப் புடவை நழுவாமல் இருக்க அம்மாமார் தோளில் இரண்டு, இடுப்பில் மூன்று என்று ஊக்கு குத்தி அனுப்புவார்கள். பையன்கள் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் நிற்பார்கள். உங்கள் ஞானஸ்நானத்தில் உங்களுக்காகச் சொல்லப்பட்டதை இப்போது நீங்களே ஏற்கிறீர்களா என்ற பொருளில் பேராயர் கேட்பார். பிள்ளைகள் ஆம் என்பார்கள். பிறகு வரிசையாகக் கிராதியருகே முழங்காலிடுவார்கள். பேராயர் ஒவ்வொரு தலையிலும் கை வைத்து ஜெபிப்பார். அதற்குப் பிறகு அவர்கள் திருவிருந்தில், அதாவது அப்பமும் திராட்சரசமும் பகிரும் வழிபாட்டில், பங்குபெறலாம்.

ஆக, குழந்தைப் பருவத்தில் கொடுத்ததை வளர்ந்தபின் எடுத்துக்கொள்ளும் இடம் திடப்படுத்தல். இன்று அப்படித்தான் விளக்குகிறார்கள். ஆனால் இந்த ஏற்பாட்டின் பிறப்பு வேறு மாதிரி. அது எனக்கு மிகவும் பிடித்த கதை என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

முதல் நூற்றாண்டுகளில் திருச்சபைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் வளர்ந்தவர்கள். அவர்கள் நீண்ட காலம், சில இடங்களில் மூன்று ஆண்டுகள்கூட, போதனை கேட்டார்கள். பிறகு உயிர்ப்புப் பெருவிழா இரவில் தண்ணீரில் இறங்கினார்கள். கரையேறியதும் பேராயர் கை வைத்து எண்ணெய் பூசினார். உடனே திருவிருந்து. மூன்றும் ஒரே இரவில், ஒரே சடங்காக நடந்தன. வீட்டார் எல்லாரும் ஞானஸ்நானம் பெற்றதாக விவிலியத்தின் அப்போஸ்தலர் பணிகள் நூலில் வரும் குறிப்புகளை வைத்து, குழந்தைகளும் அப்போதே இருந்திருப்பார்கள் என்று ஒரு சாரார் வாதிடுவார்கள். உறுதியாகச் சொல்ல அந்தக் குறிப்புகள் போதாது. 200ஆம் ஆண்டை ஒட்டி, வட ஆப்பிரிக்காவின் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் குழந்தைகளுக்கு அவசரப்பட வேண்டாம் என்று எழுதினார். வேண்டாம் என்று ஒருவர் எழுதுகிறார் என்றால், எங்கோ அது நடந்துகொண்டிருந்தது என்றுதான் பொருள்.

பலர் தள்ளியும் போட்டார்கள். ஞானஸ்நானத்துக்குப் பின் செய்யும் பாவம் பெரிது என்ற அச்சம் இருந்தது. ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் 337இல் மரணப் படுக்கையில்தான் ஞானஸ்நானம் பெற்றார். பின்னாளில் பெரிய இறையியலாளரான அகஸ்தீன் சிறுவனாக இருந்தபோது கடும் வயிற்று நோய் கண்டு ஞானஸ்நானம் கேட்டார். தாய் மோனிக்கா ஏற்பாடு செய்தார். அதற்குள் நோய் தெளிந்தது, சடங்கு தள்ளிப்போனது. கடைசியில் 387இல், மிலான் நகரில், பேராயர் அம்புரோசின் கையால் தண்ணீரில் இறங்கியபோது அவருக்கு வயது 32. அவருடைய பதின்வயது மகனும் அதே இரவில் ஞானஸ்நானம் பெற்றான்.

பின்னர் கிறிஸ்தவம் நாடுகளின் மதமானது. குழந்தை ஞானஸ்நானம் வழக்கமானது. கிராமங்கள் பெருகின. பேராயர்களோ சிலர். பிறந்த குழந்தைகளையெல்லாம் தேடிச் செல்ல அவர்களால் முடியவில்லை. கிழக்குத் திருச்சபைகள் எண்ணெய் பூசும் உரிமையைக் குருமார்களுக்கே கொடுத்துவிட்டன. அங்கே இன்றும் கைக்குழந்தைக்கு மூன்றும் ஒரே நாளில் நடக்கின்றன. மேற்கே கை வைக்கும் உரிமையைப் பேராயர்கள் தம்மிடமே வைத்துக்கொண்டார்கள். எனவே குரு ஞானஸ்நானம் கொடுப்பார். பேராயர் அந்தப் பக்கம் வரும்போது மீதி நடக்கும். வருவதற்கு ஆண்டுகள் ஆகும். இப்படித்தான் ஒரு சடங்கு இரண்டாகப் பிளந்தது. பிளந்ததற்குக் காரணம் பயண தூரம்.

பதினாறாம் நூற்றாண்டுப் புராட்டஸ்டன்ட் சீர்திருத்தவாதிகள் இந்த இடைவெளியைக் கண்டார்கள். அதற்குள் ஒரு கேள்வியை வைத்தார்கள். பிள்ளை வளர்ந்து, வினாவிடை கற்று, தன் வாயால் ஏற்றபின் பேராயர் கை வைக்கட்டும் என்றார்கள். ஆங்கிலத் திருச்சபையின் 1549 ஆம் ஆண்டு ஜெபப் புத்தகத்திலேயே இந்த விதி இருக்கிறது. ஆங்கிலிக்க மிஷனரிகள் வழியாக அது தமிழகம் வந்தது. பேராயர் வரத் தாமதமானதால் உண்டான காலி இடத்தில், மனிதனின் சுய விருப்பம் வந்து உட்கார்ந்தது.

தமிழ்ச் சொல்லையும் கவனிக்க வேண்டும். திடப்படுத்தல் என்றால் யார் யாரைத் திடப்படுத்துகிறார்? பிள்ளை தன் விசுவாசத்தைத் திடப்படுத்துகிறது என்றும் கொள்ளலாம். கடவுள் பிள்ளையைத் திடப்படுத்துகிறார் என்றும் கொள்ளலாம். பழைய பொருள் இரண்டாவதுதான். கத்தோலிக்கர்களின் உறுதிப்பூசுதல் என்ற சொல்லும் அந்தப் பக்கமே சாய்கிறது; பூசுபவர் ஒருவர், பூசப்படுபவர் ஒருவர். ஆனால் வீட்டில் பேசும்போது, "திடப்படுத்தல் எடுத்துட்டியா?" என்று மறுபடி அந்த எடுத்தல் வந்துவிடுகிறது.

இந்த ஏற்பாடு போதாது என்றவர்கள் உண்டு. 1525 ஜனவரி 21, சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரம். ஒரு வீட்டில் சிலர் கூடி ஜெபித்தார்கள். ஜார்ஜ் பிளவ்ராக் என்பவர் எழுந்து, தனக்கு ஞானஸ்நானம் தரும்படி கோன்ராட் கிரேபெலிடம் கேட்டார். அவர் கொடுத்தார். அங்கிருந்த எல்லாரும் குழந்தையிலேயே ஞானஸ்நானம் பெற்றவர்கள்தான். அதை அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை. தெரிந்து எடுக்காதது ஞானஸ்நானமே அல்ல என்றார்கள். மறு ஞானஸ்நானக்காரர் என்ற பெயர் அவர்களுக்கு விழுந்தது. அந்தக் கூட்டத்தில் ஒருவரான ஃபீலிக்ஸ் மான்ஸ், 1527 ஜனவரி 5 அன்று, கைகள் கட்டப்பட்டு லிம்மட் ஆற்றில் அமிழ்த்திக் கொல்லப்பட்டார். கொன்றது கத்தோலிக்க அரசு அல்ல; சீர்திருத்தத்தை ஏற்ற நகர மன்றம். அன்று ஞானஸ்நானம் என்பது குடியுரிமையும்கூட. நகரத்தில் பிறந்த குழந்தை சபையில் சேர்வதும் நகரத்தில் சேர்வதும் ஒன்றாகவே இருந்தன. நானாகத் தெரிந்தெடுப்பேன் என்று ஒருவர் சொன்னால், நகரமே ஆட்டம் காண்பதாக ஆட்சியாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். வளர்ந்தவருக்கு மட்டுமே ஞானஸ்நானம் என்ற கொள்கைக்கு இப்படியும் ஒரு விலை கொடுக்கப்பட்டிருக்கிறது.

இனி கேள்வியின் ஆழமான பக்கம். முப்பது வயதில் ஒருவர் விரும்பி ஞானஸ்நானம் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த விருப்பம் எங்கிருந்து வந்தது?

ஐந்தாம் நூற்றாண்டில் இதைப் பற்றிப் பெரிய விவாதம் நடந்தது. பிரித்தானியத் துறவி பெலாகியுஸ், மனிதன் நன்மையைத் தெரிந்தெடுக்கும் ஆற்றலோடு பிறக்கிறான், அதைப் பயன்படுத்துவது அவன் பொறுப்பு என்று கற்பித்தார். அகஸ்தீன் மறுத்தார். மனித மனம் உள்ளுக்குள்ளேயே முறிந்திருக்கிறது, கடவுளை நாடும் விருப்பத்தையே கடவுள்தான் தர வேண்டும் என்றார். கடவுள் தகுதி பாராமல் தரும் இந்த உதவிக்குக் கிருபை என்று பெயர். 418இல் கார்த்தேஜில் கூடிய சங்கம் பெலாகியுசின் போதனையைக் கண்டித்தது.

தமிழ் வாசகருக்கு இது புதிய வழக்கு அல்ல. வைணவத்தில் குரங்குக் குட்டி, பூனைக் குட்டி என்று சொல்வார்கள். குரங்குக் குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்கிறது. பூனைக் குட்டி ஒன்றும் செய்வதில்லை. தாய் கவ்விச் செல்கிறது. வடகலையும் தென்கலையும் நுணுக்கமாக விவாதித்த இதே இடத்தில்தான் கிறிஸ்தவர்களும் நின்றார்கள். 1524இல் அறிஞர் எராஸ்மஸ் மனித சித்தம் சுதந்தரமானது என்று ஒரு நூல் எழுதினார். அடுத்த ஆண்டே சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் அது அடிமைப்பட்டது என்று பதில் நூல் எழுதினார். லூத்தர் பூனைக் குட்டியின் பக்கம். கத்தோலிக்கர்களின் திரெந்து பொதுச்சங்கம் 1547இல் இரண்டையும் சேர்த்துச் சொன்னது: தொடக்கம் கிருபையால், மனிதன் அதற்கு இசையலாம், மறுக்கவும் முடியும். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியும் இதற்கு நெருக்கமாகவே வந்தார். கிருபை எல்லாரிடமும் முந்திச் சென்று, மறுமொழி சொல்லும் திராணியைத் தருகிறது. மறுமொழி சொல்வது அவரவர் வேலை.

உவமையில் ஒரு நுட்பம் உண்டு. குரங்குக் குட்டி பற்றுகிறது என்றாலும், மரத்துக்கு மரம் தாவுவது தாய்தான். குட்டியின் பிடி தாவுவதற்கு அல்ல, விடாமலிருப்பதற்கு. கிறிஸ்தவ இறையியலில் சுய விருப்பம் என்பதை இந்த அளவில் புரிந்துகொண்டால் பெரும்பாலான குழப்பம் தீரும். கடையில் பல பொருள்களைப் பார்த்து ஒன்றை வாங்குவது போன்றது அல்ல அது. கூப்பிட்ட குரலுக்குத் திரும்பிப் பார்ப்பது போன்றது.

கரையிருப்பு என்ற ஊரின் வைணவக் குடும்பத்தில் 1827இல் பிறந்த ஹென்றி ஆல்ஃபிரட் கிருஷ்ண பிள்ளையை இங்கே நினைக்கிறேன். தமிழ்ப் புலமை மிக்க குடும்பம். சாயர்புரம் மிஷன் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்தபோது அவர் கிறிஸ்தவர் அல்லர். கிறிஸ்தவ நூல்களைப் படித்தார், விவாதித்தார், நண்பர்களும் தம்பியும் முந்திச் சென்றபோதும் நின்றார். ஆண்டுகள் கழிந்து, 1858இல் சென்னையில்தான் ஞானஸ்நானம் எடுத்தார். ஜான் பனியனின் கதையைத் தழுவிப் பின்னாளில் அவர் பாடிய இரட்சணிய யாத்திரிகம் 1894இல் வெளிவந்தது. அதன் கவிதை நடையில் கம்பனும் ஆழ்வார்களும் நிறைந்திருக்கிறார்கள். விட்டுவந்த வீட்டின் மொழியிலேயே புது வீட்டின் கடவுளைப் பாடினார். எடுத்தல் என்பது கையிலிருந்த எல்லாவற்றையும் கீழே போடுவது அல்ல என்பதற்கு இதைவிட நல்ல சான்று தமிழில் இல்லை என்பது என் எண்ணம்.

விரும்பிக் கேட்டும் காத்திருக்க நேர்ந்தவர்கள் உண்டு. பாளையங்கோட்டையில் கிளாறிந்தா என்று அறியப்படும் பிராமணக் கைம்பெண், ஆங்கிலேய அதிகாரி ஒருவரோடு வாழ்ந்தபோது, மிஷனரி சுவார்ட்ஸிடம் ஞானஸ்நானம் கேட்டார். மணமாகாமல் சேர்ந்து வாழ்வதைக் காட்டி அவர் மறுத்தார். அதிகாரி இறந்தபின் 1778இல் கொடுத்தார். கிளாறிந்தா கட்டுவித்த கோயில் பாப்பாத்தி அம்மாள் கோயில் என்ற பெயரில் இன்றும் நிற்கிறது. கேட்டவரின் விருப்பத்தை ஒரு மனிதர் எடைபோட்டது சரியா என்பது பற்றி இன்று வேறு கருத்து இருக்கலாம். ஆனால் விருப்பம் மட்டும் போதாது, அது காலத்தில் நிலைக்கிறதா என்றும் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் திருச்சபையில் பழையது. கத்தோலிக்கத் துறவு வாழ்வில் அது சட்டமாகவே இருக்கிறது. துறவு பூண விரும்புகிறவர் குறைந்தது ஓராண்டு நவதுறவு என்ற பயிற்சிக் காலத்தில் இருக்க வேண்டும். பிறகு எடுக்கும் வார்த்தைப்பாடு, அதாவது ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்ற வாக்கு, முதலில் சில ஆண்டுகளுக்கு மட்டுமே. அது முடியும்போது வீட்டுக்குத் திரும்பத் தடை இல்லை. 21 வயது நிறையாதவர் நிரந்தர வார்த்தைப்பாடு எடுக்க முடியாது. வற்புறுத்தலாலோ கடும் அச்சத்தாலோ ஏமாற்றாலோ எடுத்த வார்த்தைப்பாடு சட்டப்படி செல்லாது.

போக நினைப்பவருக்கு வழி இருக்க வேண்டும் என்பது நற்செய்தி நூல்களிலேயே உண்டு. மாற்கு சொல்லும் பணக்கார மனிதன் துயரத்தோடு திரும்பிப் போகிறான். இயேசு அவன்மேல் அன்புகொண்டார் என்று மாற்கு எழுதுகிறார். பின்னால் ஓடிப்போய் இழுத்துவந்தார் என்று எழுதவில்லை. யோவான் நற்செய்தியில் பலர் விலகிப் போன பிறகு, நீங்களும் போக விரும்புகிறீர்களா என்ற பொருளில் பன்னிருவரிடமும் கேட்கிறார். திருச்சபை இதை எப்போதும் பின்பற்றியது என்று சொல்ல முடியாது. சூரிக்கைப் பார்த்தோம். விசுவாசத்திலிருந்து விலகியவர்களைத் தண்டிக்க கோவாவில் 1560இல் நிறுவப்பட்ட விசாரணை மன்றம் 1812 வரை, நடுவில் சில ஆண்டுகள் நீங்கலாக, இயங்கியது. விசுவாசத்தில் வற்புறுத்தலுக்கு இடமில்லை, மனச்சான்றுக்கு எதிராக எவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் தெளிவாக அறிக்கையிட்டது 1965 டிசம்பர் 7 அன்றுதான்.

ஒருமுறை எடுத்தால் முடிந்துவிடுமா என்றால், அதுவும் இல்லை. 1755இல் வெஸ்லி லண்டனில் தம் மக்களைக் கூட்டி, கடவுளோடு செய்த உடன்படிக்கையைப் புதுப்பிக்கும் வழிபாடு ஒன்றை நடத்தினார். மெதடிஸ்டுகள் வழியாக அது தென்னிந்தியத் திருச்சபைக்கு வந்தது. ஜனவரி முதல் ஞாயிறு உடன்படிக்கை ஆராதனை. எழுபது வயதுப் பாட்டியும் அன்று எழுந்து நின்று, மறுபடி ஒருமுறை தன்னைக் கொடுக்கிறார். வினைச்சொல் இங்கே தலைகீழாவதைப் பாருங்கள். கடவுள் கொடுத்ததை எடுத்தவர், இப்போது கொடுப்பவர் ஆகிறார். மறுநாள் விடியலில் வேதம் வாசிப்பது, இரவில் குடும்ப ஜெபத்துக்குப் பிள்ளைகளைக் கூப்பிடுவது, லெந்து என்ற தவக்கால நாட்களில் ஒரு வேளை உணவை விடுவது எல்லாம் அந்தக் கொடுத்தலின் சில்லறை. பக்தி என்று நாம் சொல்வது பெரும்பாலும் அந்தச் சில்லறைதான்.

இவ்வளவு கவனமாகக் கட்டிய ஏற்பாட்டில் ஒரு மெலிவு தெரிகிறது. அதைச் சொல்லாமல் விடக் கூடாது. பல சபைகளில் திடப்படுத்தல் இன்று வகுப்பு முழுவதும் சேர்ந்து ஏறும் படியாகிவிட்டது. பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு முன்னால் முடித்துவிடு என்கிறார்கள். பின்னால் கல்யாணத்துக்குக் கேட்பார்கள் என்கிறார்கள். நாற்பது பேர் ஒரே குரலில் ஆம் என்று சொல்லும்போது, அதில் எத்தனை பேர் சொன்னார்கள் என்று தெரிவதில்லை. குற்றம் பிள்ளைகளுடையது அல்ல. பேராயர் வரும் தேதிக்கு முன்னால் ஒவ்வொரு பிள்ளையோடும் தனியாக அரைமணி நேரம் யாராவது பேசினால் போதும். இன்னும் இல்லை என்று ஒரு பிள்ளை சொன்னால், அதையும் ஒரு பதிலாக வாங்கிக்கொள்ளும் மனம் குடும்பத்துக்கும் சபைக்கும் இருந்தால் போதும். நூற்றாண்டுகளின் பயண தூரம் உண்டாக்கித் தந்த இடைவெளி அது. அதை அவசரத்தால் அடைத்துவிடுவது நஷ்டம்.

எங்கள் வகுப்பில் ஒரு பையன் அப்படிச் சொன்னான். மனப்பாடம் எல்லாருக்கும் முன்னால் முடித்தவன் அவன்தான். கடைசிச் சனிக்கிழமை, வகுப்பு எடுத்த உபதேசியாரிடம் போய், எனக்கு இன்னும் நிச்சயம் இல்லை என்றான். அவர் அவனைத் திட்டவில்லை. சரி, ஞாயிற்றுக்கிழமை வந்து பாட்டுப் புத்தகம் எடுத்துக் கொடு என்றார். அவன் வந்தான், வாசலில் நின்று எல்லாருக்கும் புத்தகம் கொடுத்தான். நாங்கள் வெள்ளைச் சட்டையில் உள்ளே போனோம். எங்கள் ஊருக்குப் பேராயர் அடுத்து வந்தது இரண்டு ஆண்டுகள் கழித்து. சின்னப் பிள்ளைகளுக்கு நடுவில் ஒரு தலை மட்டும் உயரமாகக் கிராதியருகே முழங்காலிட்டிருந்தது. கேள்வி வந்தபோது மற்றவர்கள் சொல்லி முடித்த பிறகு, தனியாக, அவன் குரல் கேட்டது.